நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்

கிழமைக்குக் கிழமை எங்கள் வீட்டுக் கதையைப் படித்து வருகிறவர்கள் இந்த முதல் நாலு பத்தியை விட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். இன்றைக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஜீவரதி. வீட்டில் ரதி. நாவற்குடாவில் வீடு, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பு, இரண்டாம் வருடம். அப்பா சாமித்தம்பி நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அம்மா இலட்சுமிப்பிள்ளைக்கு நாங்கள் இரண்டு பேர். அண்ணன் வினாயகமூர்த்தி மேசன். என்னிடம் வாய் மட்டும்தான் வேலை செய்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

எனக்கு இப்போது ஒரு சம்பந்தம் பேசியிருக்கிறது. மாப்பிள்ளை ஆரையம்பதி, தபால் கந்தோரில் வேலை. இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் அவர் தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வரும்போது வீடும் வளவும் பெண் பேரில் எழுதின உறுதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் இதை யாரும் பேராசை என்று சொல்ல மாட்டார்கள். தாய் வீடு மகளுக்கு. மகன் கல்யாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். இங்கே முஸ்லிம் சனங்களிடமும் இதே வழக்கம்தான்.

போன கிழமை, சலவைக்கு எடுத்த அண்ணனின் சட்டைப் பையில் ஒரு கடிதம் கண்டேன் அல்லவா? அதை எழுதியவர் பூரணி. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பிள்ளை. மூன்று வருடத்துக்கு முன், அனுமதி எடுத்துக் கட்டிய ஒரு பள்ளிக்கூட வேலைக்கு அண்ணன் அந்தக் கரைக்குப் போனார். போன இடத்தில் மனதையும் வைத்துவிட்டு வந்தார். மறுவருடம் பூரணியின் வீட்டில் செல் குண்டு விழுந்து கூரையும் முன்சுவரும் போய்விட்டன. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து தாயும் மகளும் கிடுகுக் கொட்டிலில் இருக்கிறார்கள். ஒரு மாதம் கிடைத்தால் அண்ணன் அந்த வீட்டைத் திரும்ப எழுப்பிவிடுவார். ஆனால் அந்தப் பக்கம் போராளிகளின் இயக்கம், இந்தப் பக்கம் ஆமி, நடுவில் வாவி. மண்முனைத் துறையைத் தாண்டி ஒரு பை சீமெந்து போக முடியாது. பெண்ணுக்கு வீடில்லாமல் எங்கள் ஊரில் கல்யாணமும் இல்லை. அம்மா விஷயத்தைக் கேட்ட அன்றே, வீடில்லாத இடத்தில் சம்பந்தம் ஒண்ணாது என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

கடிதத்தில் பூரணி எழுதியிருந்தது ஐந்தாறு வரிதான். தங்கச்சியின் காரியம் நல்லபடி நடக்கட்டும் என்றும், என்னை நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்றும், வீடு வாசல் உள்ள இடமாகப் பார்த்துக் கட்டுங்கள் என்றும். அழுது வடித்து எழுதியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு துக்கம் வந்திருக்காது. கணக்குப் பாடத்துக்கு விடை எழுதின மாதிரி இருந்தது. நான் அதை மடித்து அதே பையில் வைத்துவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு கிழமை முழுக்க நான் வாயைத் திறக்காமல் இருந்தது என் இருபத்திரண்டு வயதில் அதுதான் முதல் தரம்.

புதன்கிழமை மூன்று மணிக்கு, உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போவதாக முடிவாகியிருந்தது. எனக்குக் காலையில் ஒரு விரிவுரை. அது முடிய நேரே டவுனுக்கு வா என்றார் அம்மா. முடி கலையாமல் வா என்றும் சொன்னார். உறுதியில் முடியைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

கல்லடிப் பாலத்தடியில் வழக்கம்போல எல்லாரும் இறங்கி நடந்தோம். தொண்ணூற்றேழாம் ஆண்டில் இந்த நடை எங்களுக்குப் பல் தீட்டுவது மாதிரி ஆகிவிட்டது. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போக வேண்டும். படுவான்கரை முகவரி உள்ளவர்களைப் புறம்பாக நிறுத்துவார்கள். அன்றைக்கும் நாலைந்து பேர் நின்றார்கள். என் அட்டையில் நாவற்குடா என்று இருக்கிறது. ஆமிக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். நானும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறேன். புறம்பாக நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் நடப்பதற்கு என் கழுத்துக்கு நல்ல பழக்கம்.

விரிவுரையில் போன கிழமை எங்களுக்கு ஒரு வீட்டு வேலை தந்திருந்தார்கள். நீங்கள் பாடுபடாமல் உங்களுக்குக் கிடைத்தவை பத்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் மூன்று எழுதியிருந்தேன். நல்ல ஞாபகசக்தி. அம்மா. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை முகவரி. அதற்கு மேல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. போருக்குள் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு என்ன சும்மா கிடைத்துவிட்டது என்று ஒரு வீம்பு. போன மாதம்தான் வளாகத்துப் பட்டிமன்றத்தில் பெண்களுக்கு உடைமை என்று எதுவும் இல்லை என்று தொண்டை கிழியப் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் இருப்பவள் நபீஸா. ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளை. முதல் வருடத்தில் என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டு, அடுத்த நாள் திருப்பித் தரும்போது கம்பி ஒடிந்திருந்ததற்கு என்னிடமே கோபித்தவள். அன்றிலிருந்து சிநேகிதி. அவள் கொப்பியில் பத்தும் எழுதி, பதினோராவதும் இருந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். நாலாவதாக, 'சென்றியில் என்னுடைய பெயர்' என்று, ஆமியின் சோதனைச் சாவடியை நினைத்து, எழுதியிருந்தாள். ஏன்டி இப்படி எழுதினாய் என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. உள்ளதுதானே, அவளை ஒரு தரம் பார்க்கிற இடத்தில் என்னை மூன்று தரம் பார்ப்பார்கள். அதை அவளே எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை.

"உள்ளதத்தானே எழுதினன்," என்றாள். "சென்றியில என்ட பேரைக் கண்டா விடுறாங்க. அது எனக்குச் சும்மா கிடைச்ச. ஆனா பஸ் நடுவழியில பழுதாகி நிண்டா, இந்த முக்காட்டோட எந்தப் பக்கம் நடக்கிற எண்டு நான் யோசிப்பன். நீ யோசிக்க மாட்டாய். அது உனக்குச் சும்மா கிடைச்ச. அதையும் எழுது."

போன மாசி மாதம் ஒரு நாள் பஸ் ஒரு தமிழ் ஊருக்குள் அப்படி நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. நான் இறங்கிக் கடையில் ஐஸ்பழம் வாங்கப் போனேன். அவள் இறங்கவேயில்லை. வெயிலுக்குள் ஏனடி அவிகிறாய் என்று நான் அவளைப் பகிடி பண்ணினேன். ஞாபகசக்தி நல்லதென்று எழுதியிருந்தேனே, அது அந்த நேரத்தில் எனக்கு நல்லதாகப் படவில்லை. நாலாவதாக அதை எழுதினேன்.

அதற்குள் அவள் என் கொப்பியை இழுத்துப் பார்த்துவிட்டாள். வீட்டை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். அது வழக்கம்தானே என்றேன்.

"வழக்கம் எண்டா வானத்தால விழுந்ததா கா? ஆர் கல்லு வெச்ச?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பட்டிமன்றத்தில் உடைமை இல்லை என்று கத்திவிட்டு உறுதி முடிக்கப் போகிற முதல் ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றும் சொன்னாள். பிறகு தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். அவளுடைய அண்ணன் றவூப் காக்கா கட்டாருக்குப் போய் ஒன்பது வருடம். இரண்டு ராத்தாமாருக்கு, அதாவது அக்காமாருக்கு, வீடு கட்டி முடித்து, இப்போது நபீஸாவின் வீட்டுக்கு ஓடு போடுகிறார். முப்பத்துநாலு வயது. போன முறை லீவில் வந்தவர், கட்டி முடிந்த இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு நாள் தங்கிவிட்டு, எந்த வீட்டில் தன் சூட்கேசை வைப்பது என்று உம்மாவிடம் கேட்டாராம். அதைச் சொல்லும்போது நபீஸா சிரிக்கவில்லை. என் கொப்பியில் ஐந்தாவது எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'வீடு' என்று அவளே எழுதினாள்.

டவுன் பஸ் நிலையத்தில் அண்ணன் சைக்கிளோடு நின்றார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். சேர்ட் மாற்றியிருந்தாலும் நகக்கண்ணில் சீமெந்துச் சாந்து அப்படியே இருந்தது. பாரில் ஏறு, பெரிய சொத்துக்காரி என்றார். இருபத்திரண்டு வயதுப் பெண் அண்ணனின் சைக்கிள் பாரில் போவதா என்று ஊர் சிரிக்கும் என்றேன். சிரித்தால் பல்லுத் தெரியும், வேறு ஒன்றும் வராது என்றார்.

ஏறினேன். இந்தப் பாரில் நான் ஏறாத காலமில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் அண்ணனுக்கு உயர்தரப் பரீட்சை இருந்தது. ஆனியிலேயே சண்டை தொடங்கிவிட்டது. அந்த வருடம் அவர் எழுதவில்லை. அடுத்த வருடம் அவர் கையில் சாந்துக் கரண்டி இருந்தது. தொண்ணூற்றுநாலில் நான் எழுதினேன். பரீட்சை நாட்களில் பஸ் ஓடவில்லை. எட்டு நாளும் அண்ணன்தான் கொண்டுபோனார். பாலத்தடியில் என்னைப் போகச் சொல்லிவிட்டு அவருடைய அட்டையை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார வைப்பார்கள். நான் மூன்று மணித்தியாலம் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதிவிட்டு வரும்போது பிட்டத்து மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்புவார். பேப்பர் லேசா என்று கேட்பார். வெயிலில் இருந்தீர்களா என்று நான் கேட்டால், நிழல்தானே என்பார். அந்த இடத்தில் நிழல் கிடையாது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நிழல்தானே என்று நானும் நம்பிக்கொண்டேன்.

நபீஸாவின் கேள்வி காதுக்குள் கிடந்தது. ஆர் கல்லு வெச்ச? எங்கள் வீட்டுக்குக் கல் வைத்தது யார் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அம்மாவின் பழைய வீடு தொண்ணூறில் பாதி பழுதாகிப் போனது. அடுத்த ஏழு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன்தான் சுவர் கட்டினார், பூசினார், ஓடு மாற்றினார். என் அறைக்குக் காற்று வரவேண்டும் என்று யன்னலை இரண்டு தரம் இடித்து இடம் மாற்றியவரும் அவரே. அவர் படுப்பது முன் விறாந்தையில். ஆம்பிளைக்கு என்னத்துக்கு அறை, இன்றைக்கோ நாளைக்கோ போகிறவன்தானே என்று அம்மா சொல்வார். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். சும்மா, பகிடிக்கு.

பூரணியின் கடிதத்தை வாசித்தேன் என்று சைக்கிளில் வைத்துச் சொன்னேன். அவர் மிதித்துக்கொண்டே வந்தார். வாசிச்சா வாசிச்சதோட விடு என்றார். கோபமில்லை. கோபித்திருந்தால் நான் பதிலுக்குக் கோபித்திருப்பேன்.

நல்லரத்தினம் நொத்தாரிசின் கந்தோர் ஒரு கடைக்கு மேல் மாடி. அம்மா அங்கே எங்களுக்கு முன்னமே வந்து, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். நொத்தாரிசு ஐயா உறுதியை எழுதி முடித்து வைத்திருந்தார். ஒப்பம் வைக்க முன் வாசித்துக் காட்ட வேண்டியது சட்டம் என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். வடக்கே இன்னார் வளவு, கிழக்கே வீதி, கிணறும் வீடும் பயன்தரு மரங்களும் உட்பட. என்னுடைய மகளின்மேல் நான் கொண்ட அன்பின் காரணமாக. அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு வரி வந்தது: மேற்படி நன்கொடையை நான் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

அதுக்குக் கீழதான் நீ ஒப்பம் வைக்கோணும் புள்ள என்று எனக்கு இடத்தைக் காட்டினார். அண்ணனுக்குச் சாட்சியின் இடம்.

அண்ணன் பேனையை எடுத்துவிட்டார். முதலில் அவர்தான் ஒப்பம் வைக்கப்போனார். சாந்து படிந்த விரலால் கடதாசி அழுக்காகிவிடுமென்று கையைச் சேர்ட்டில் இரண்டு தரம் துடைத்தார். ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகளை எனக்கு எழுதிக் கொடுக்கிற கடதாசியைத் தன் கை அழுக்காக்கிவிடும் என்று அந்த மனிதர் பயப்படுகிறார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நான் ஒப்பம் வைக்காட்டி என்ன நடக்கும் ஐயா?" என்று கேட்டேன்.

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வாங்குற ஆள் ஏற்காட்டி நன்கொடை செல்லாது புள்ள. இது வெறுங் கடதாசி."

"அப்ப நான் அரைவாசியத்தான் ஏற்பன். வீடும் தெற்குப் பக்கமும் எனக்குக் காணும். கிணத்துக்கு வடக்கால உள்ளதைப் பூரணி பேரில எழுதுங்க."

அண்ணன் பேனையை வைத்துவிட்டு, ரதி, வாயை மூடு என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதேயில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் இருந்தார். அம்மா பேசாமல் இருந்தால் பின்னால் பெரிதாக வரப்போகிறது என்று எங்கள் வீட்டுக் கோழிக்கும் தெரியும். வந்தது. இந்த வளவு தன் தாய் தந்தது, தாய்க்கு அவள் தாய் தந்தது; தாய்வழி வரும் எங்கள் குடிப் பெண்களின் கையை விட்டு ஒரு சாண் மண் போனதில்லை. வேறு குடிப் பெண்ணுக்கு அதை எழுதினால் செத்த பெண்கள் எல்லாம் எழும்பி வந்து கேட்பார்கள். அதுவும் கல்யாணம் பேசியிருக்கிற நேரத்தில். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யவா உன்னை வளாகத்துக்கு அனுப்பினேன் என்று கேட்டார். நொத்தாரிசு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எப்போதும் சண்டைக்குத்தான் பேசுவேன். அன்றைக்கு அப்படிப் பேச வரவில்லை. வளவு நம்முடைய குடியின் வளவுதான் அம்மா, சுவர் யாருடைய சுவர் என்று மட்டும் கேட்டேன். அண்ணன் பாலத்தடியில் இருந்த எட்டு நாளைச் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியாது. அண்ணன் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை. அம்மா திரும்பி அண்ணனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, நிழல்தானே என்றார்.

அதோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னேன்.

"அண்ணன் பேரில எழுதினா தங்கச்சி வளவில குந்தியிருக்கிறான் எண்டு ஊர் பேசும். அவ பேரில எழுதினா ஒருத்தரும் பேச ஒண்ணா. கல்யாணம் முடிச்சுப் பெண்சாதி வீட்டுக்குத்தானே போறார். வழக்கம் வழக்கமாவே இரிக்கும். போற தூரந்தான் கிணத்தடி மட்டும்."

அம்மா என்னைப் பார்த்தார். கோபத்தைக் காணவில்லை. வேறு ஏதோ கணக்குப் போடுகிற முகம்.

"அப்ப இவன் இஞ்சதான் இருப்பானா?" என்று கேட்டார்.

கேட்ட குரல் அம்மாவுடையது போலவே இல்லை. அண்ணன்தான் முதலில் விளங்கிக்கொண்டார். கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா நொத்தாரிசு இருப்பதையும் மறந்துவிட்டுச் சொன்னார்.

"அவளுக்கு வீடு இருந்தா நீ அங்க போயிருப்பாய் மனே. வாவிக்கு அங்கால. படகுப் பாதை ஓடாட்டி நான் உன்னை எப்பிடிப் பார்க்கிற? நீ சொல்ல முந்தியே உன்ட எண்ணம் எனக்குத் தெரியும்; அவட வீட்டில செல் விழுந்த எண்டு கேள்விப்பட்டண்டைக்கு நான் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினன். ஆட்களுக்கு ஒண்டுமில்ல, அதுக்குத்தான் எண்டு உங்களுக்குச் சொன்னன். அதுக்கில்ல."

எனக்கு அந்தக் கற்பூரம் நல்ல ஞாபகம். நானும் கும்பிட்டேன். தெரியாத ஆட்கள் தப்பிப் பிழைத்ததற்கும் கும்பிடுகிறாரே, எங்கள் அம்மா எவ்வளவு நல்லவர் என்று பெருமைப்பட்டேன். இப்போது கேட்ட பிறகும் அம்மாவை வெறுக்க எனக்கு வரவில்லை. எழுவான்கரை முகவரிக்காக நானும் தினமும் உள்ளுக்குள் ஒரு கற்பூரம் கொளுத்தித்தான் பாலத்தைக் கடக்கிறேன். அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எங்கயும் போகல்ல அம்மா, இஞ்சதான் நிற்கன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நொத்தாரிசு ஐயாதான் எங்களைத் தரைக்குக் கொண்டுவந்தார். எழுதலாம் அக்கா, பிரச்சினையில்லை, பழையதைக் கிழித்துவிட்டு இரண்டு உறுதியாக எழுதலாம் என்றார். ஆனால் ஒரு விஷயம். இந்த மகளுக்கு உள்ள சட்டம்தான் அந்த மகளுக்கும். அந்தப் பிள்ளையும் நேரே வந்து, நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே ஒப்பம் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு உறுதி வேண்டுமானால் சனிக்கிழமை பகலுக்குள் ஆள் இங்கே நிற்க வேண்டும்.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது வெயில் தணிந்திருந்தது. அம்மா பஸ்ஸில் வந்தார். நான் பாரில் வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் எதையும் பாதியாக வாங்கியதில்லை. பாலத்தடியில் இறங்கி நடக்கும்போது, எட்டு நாள் இருந்த அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து அண்ணன் சொன்னார்.

"நீ எனக்குச் செய்ததுக்கு என்ன சொல்றதெண்டு தெரியல்ல புள்ள. ஆனா அவ வாங்க மாட்டா. அவக்கு உன்னைவிட ரோசம்."

எனக்குச் சுருக்கென்றது. பூரணி எழுதிய கடிதத்தின் வடிவம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. தனக்கு வேண்டியதைக் கேட்காமல் இருக்கத் தெரிந்த ஒருத்தியின் கடிதம். நான் அவளுக்கு வளவைக் கொடுத்துவிட்டேன் என்று மாடிப்படி இறங்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அவள் ஏற்க வேண்டும் என்பதை நான் யோசிக்கவேயில்லை. நான் ஒப்பம் வைக்க மறுக்கலாம் என்றால் அவளும் மறுக்கலாம்.

நீங்கள் கேட்டால் சம்மதிக்க மாட்டாள், நான் போய்க் கேட்கிறேன் என்றேன். அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீ அந்தக் கரைக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை. எங்கள் வீட்டுக் கோடியிலிருந்து இறங்கி நடந்தால் வாவி. எதிரே தெரிகிறதுதான் அந்தக் கரை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். சண்டை தொடங்கிய பிறகு ஒரு நாளும் போனதில்லை, போகத் தேவையும் வந்ததில்லை. பதினேழாவது வயதில் பூரணி இந்தக் கரைக்குப் படிக்க வந்து, அட்டையைக் காட்டி நின்று நின்று, கடைசியில் வராமல் விட்டாள் என்று அண்ணன் அப்போதுதான் சொன்னார். அவளுக்குக் கணக்குத்தான் பிடித்த பாடமாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொப்பியை எடுத்தேன். நபீஸா பென்சிலால் எழுதிய 'வீடு' என்ற சொல்லை மையால் அழுத்தி எழுதினேன். ஆறாவது அண்ணன். ஏழாவது, எட்டு நாள். எட்டாவது, படிப்பை விடாமல் இருக்க முடிந்தது. ஒன்பதாவதாக நபீஸா என்று எழுதினேன். நாளைக்கு இதைப் பார்த்தால் தலையில் ஏறி இருப்பாள், இருக்கட்டும். எழுத எழுத எனக்கு யாரிடமாவது போய் நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, சவர்க்காரம் கரையுது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பட்டிமன்றத்தில் அரை மணித்தியாலம் பேசத் தெரிந்த வாய் இது.

அம்மா குசினியில் இருந்தார். நாளைக்கு முதல் பாதைக்கு மண்முனைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன். வாவியைக் கடக்கும் அந்தத் தட்டைப் படகைத்தான் நாங்கள் பாதை என்போம். அம்மா தடுப்பார் என்று நினைத்தேன். பதிலுக்கு நாலு நியாயமும் தயாராக வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு அரை வளவை எப்படிச் சொல்வது என்று கேட்டால் அதற்கு மட்டும்தான் என்னிடம் நியாயம் இல்லை.

அம்மா அது எதையும் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. சீலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டு எதையோ தேடினார். கடைசியில் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய அடையாள அட்டை.

"நானும் வாறன்," என்றார். "பூரணியிட தாயிட்ட எனக்கு ஒண்டு சொல்லக் கிடக்கு. அந்தக் கற்பூரத்தைப் பற்றி. நான் சொல்லக்குள்ள நீ பக்கத்தில நிற்கப்படா மகள், வெளியால போய் நில்லு."